மொட்டை மாடியில் ராயபுரம் ஸ்டேஷன்

செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வாருங்கள். படி குறுகல், கைப்பிடியில் பெயின்ட் ஈரம். தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தால் தகர ஷீட் போட்ட அந்த மாடி அறை. கல்மண்டபம் பக்கத்துச் சந்து ஒன்றில், வெளியாட்கள் யாரும் இதுவரை எட்டிப் பார்க்காத அறைக்குள் நமக்கு அனுமதி கிடைத்திருக்கிறது! உள்ளே, இரண்டு பழைய கதவுப் பலகைகளைச் சேர்த்துப் போட்ட மேசையின்மேல், 1856-ஆம் வருஷத்து ராயபுரம் ரயில் நிலையம் பாதி எழும்பி நிற்கிறது.

"ஃபேன் போடாதபா! ஜனங்கல்லாம் பறந்துடுவாங்க!"

ஜனங்கள் என்று பெரியவர் சொல்வது இரண்டு சென்டிமீட்டர் உயரப் பொம்மைகளை. நிஜத்தில் 87 அடி இருப்பது இங்கே ஓர் அடி. தட்டில் வரிசையாக நிறுத்தி, அத்தை ஒவ்வொன்றுக்கும் வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறார். உச்சி வெயில், தகரக் கூரை, ஓடாத மின்விசிறி. எல்லார் தோளிலும் ஒரு துண்டு. ஒரு தலைப்பாகை எழுதி முடித்ததும் அத்தை முகத்தைத் துடைத்துக்கொள்கிறார், பிறகு அடுத்த தலைப்பாகை.

பெரியவர் பெரம்பூர் லோகோவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கூடவே வண்ணம் தீட்டும் அத்தை. பெரியவரின் அக்காள் மகன், கல்லூரிப் பையன். எதிர்வீட்டுச் சிறுவன் ஒருவன். இந்த நாலு பேர்தான் மொத்தப் படையும். மேசைக்கடியில் எட்டிப் பாருங்கள்: உப்புத்தாள் சுருள்கள், ஐஸ் குச்சிக் கட்டுகள், மூடி தொலைந்த ஃபெவிகால், ரிச்சி தெருவில் வாங்கிய குட்டி மோட்டார்கள், காசிமேட்டு மணல் ஒரு வாளி. மணலை நாலு தண்ணீர் அலசிய பிறகே ஒட்டுவார்களாம். உப்பு இருந்தால் பசை பிடிக்காது.

மும்பை போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு 1853-இல் ரயில் ஓடியது. அடுத்த வருஷம் ஹவுராவில். ஆனால் அங்கே முதலில் கட்டிய கட்டடங்கள் இன்று இல்லை. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி கட்டி, கவர்னர் ஹாரிஸ் பிரபு 1856 ஜூன் 28-இல் திறந்துவைத்த ராயபுரம் மட்டும் அப்படியே நிற்கிறது. நாட்டிலேயே மிஞ்சியிருக்கும் மிகப் பழைய நிலையம் நம் தெருமுனையில் இருக்கிறது என்று பெரியவர் சொல்லும்போது குரல் ஒரு படி ஏறிவிடுகிறது. 1873-இல் சென்ட்ரல் வந்தபிறகு கூட்டம் அந்தப் பக்கம் போயிற்று. கட்டடம் பாழாகி, பழுது பார்க்கப்பட்டு, 2005 அக்டோபர் 2-இல் மறுபடி திறக்கப்பட்டது.

சரி, நிற்கிற கட்டடத்தைப் பார்த்துச் செய்வதில் என்ன கஷ்டம் என்று கேட்டேன். நாலு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

கஷ்டம் என்னவென்றால், இவர்களுக்கு வேண்டியது இன்றைய ராயபுரம் அல்ல. திறப்பு விழா நாளின் ராயபுரம். அதற்குக் கையில் உள்ள முக்கியமான படம், அந்த வருஷம் 'இலஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' பத்திரிகையில் வந்த சித்திரம். அதைப் பெரிதாக்கி அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, பென்சிலால் கோடு கோடாகக் கிழித்து வைத்திருக்கிறார்கள். வரைந்தவர் அழகுக்காக எதை இழுத்தார், எதைக் குறுக்கினார் என்பதைப் பிடிக்கத்தான் அத்தனை கோடும். படத்தில் தூண் நெடிதுயர்ந்திருக்கிறது. நேரில் அவ்வளவு இல்லை.

நேரில் எப்படி அளந்தார்கள் தெரியுமா? எதிர்வீட்டுச் சிறுவன்தான் அளவுகோல்! அவனுடைய உயரம் தெரியும். ஒவ்வொரு தூணோரமும் விறைப்பாக நிற்கவைத்துப் போட்டோ எடுத்து, அவன் எத்தனை மடங்கு என்று கணக்குப் போட்டு உயரம் கண்டுபிடித்திருக்கிறார்கள். பீச் ஸ்டேஷனிலிருந்து வந்த மின்சார ரயிலில் இருந்தவர்கள், "இன்னா தம்பி, தண்டனையா?" என்று கேட்டார்களாம். இதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவேண்டும். எல்லாத் தூணிலும் தன் உயரம் இருக்கிறது என்று அத்தனை பெருமை. அந்தத் தூண்கள் மேசைக்கு வரும்போது பால்பாயின்ட் பேனாவின் உடல்கள்.

தண்டவாளத்தில் ஒரு சண்டை நடந்து முடிந்திருக்கிறது. கடையில் கிடைக்கும் மாடல் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர், அது ஐரோப்பாவின் பாதைக்கான கணக்கு. நம் அகலப் பாதை 1676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19-ஐத் தாண்டிவிடும். மூன்று மில்லிமீட்டர்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்றானாம் பையன். பெரியவர் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை என்று அத்தை சொல்கிறார். இப்போது தண்டவாளம், கட்டை, ஆணி எல்லாம் வீட்டிலேயே செய்கிறார்கள். பையனின் விரல்நுனிகள் முழுக்கச் சூடு பட்ட தழும்பு. அவன் அதைக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறான்.

இன்ஜினுக்கு ஒரு துப்பு லோகோவிலேயே இருந்தது. 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த 'எக்ஸ்பிரஸ்' நீராவி இன்ஜினை 2010-இல் பெரம்பூரில்தான் மறுபடி ஓடவைத்தார்கள். அந்தக் காலத்துச் சக்கரம், புகைபோக்கி எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவர் பெரியவர். ஆனால் அது கல்கத்தா பக்கம் ஓடியது. "அத்த அப்படியே இங்க கொண்டாந்து நிறுத்தக்கூடாது, பொய்யாயிடும்" என்கிறார். விகிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டார். பெட்டிகளுக்கு அந்தத் தயக்கமே இல்லை. முதல் ரயிலுக்குப் பெட்டி செய்தவர்கள் குதிரை வண்டி கட்டிப் பேர்பெற்ற சிம்ப்சன் கம்பெனியார். ஆகவே இவர்களும் பழைய கோச்சு வண்டிப் படங்களைத் தேடி, அந்தச் சாயலில் ஜன்னல் வெட்டுகிறார்கள்.

என்னை மயக்கியது அறையின் கிழக்கு ஓரம். இப்போது ராயபுரத்துக்குக் கிழக்கே போனால் கன்டெய்னர் லாரி, துறைமுக மதில், கரையைக் காக்கக் கொட்டிய பாறாங்கல். மேசையிலோ அகலமான மணற்பரப்பு, மசூலாப் படகுகள், கட்டுமரங்கள். துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்களே 1870-களில்தான் கடலில் இறங்கின. அவை வந்தபிறகு தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது. வடக்கே ராயபுரம் தொட்டு நிலத்தைக் கடல் அரித்தது. ஆக, ஒரு ரயில் நிலையத்தைச் செய்யப் போனவர்கள் காணாமல் போன கடற்கரையையும் சேர்த்துச் செய்யவேண்டியதாயிற்று. இந்த மூலையைப் பார்க்கத்தான் சந்தில் உள்ள கிழவிகள் படியேறி வரவேண்டும் என்று எனக்கு ஆசை. அரிப்பில் வீடு இழந்த குடும்பங்கள் இந்தக் கரையில் நிறைய.

பொம்மைகளுக்கு வருவோம். திறப்பையொட்டி கவர்னரோடு 300 ஐரோப்பியர் பயணம் போனார்கள் என்று பெரியவர் படித்துக் காட்டியிருக்கிறார். அத்தை தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

"முன்னூறும் வெள்ளக்காரனா? அப்ப நம்ம ஆளுங்க எங்க?"

அந்த ஒரு கேள்விக்காக மறுபடி புத்தகங்களைப் புரட்டியிருக்கிறார்கள். இருந்தது! இன்னொரு ரயில் நம்மவர்களோடு திருவள்ளூர் வரைக்கும் போயிருக்கிறது. அன்றைக்கே அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார்: முதலில் இரண்டாவது ரயில், கவர்னர் அப்புறம். இன்று தட்டில் காய்கிற தலைப்பாகைகள் எல்லாம் திருவள்ளூர் போகிறவை. ஓரமாக ஒரு பூக்காரியும் கூடையோடு நிற்கிறாள். ஆதாரம் எங்கே என்று பெரியவர் கேட்டாராம். "ஸ்டேஷன் இருந்தா பூக்காரி இருப்பா" என்று பதில். பூக்காரி அசையவில்லை.

கவர்னர் ரயில் எங்கே போயிற்று என்பதில் இன்னொரு முடிச்சு. பல கட்டுரைகளில் ஆம்பூர் என்று இருக்கிறது. ஆனால் அந்த வருஷம் பாதை வாலாஜா ரோடு வரைதான் போட்டிருந்தார்கள். ஆம்பூர் அதைத் தாண்டி வெகுதூரம். பையன் வரைபடத்தை விரித்து விரலை வைத்தான்: வாலாஜா ரோடு ஸ்டேஷனை ஒட்டினாற்போல் அம்மூர் என்று ஓர் ஊர்! ஆங்கிலத்தில் எழுதி எழுதி அம்மூர் ஆம்பூராகியிருக்கும் என்பது அவன் கணிப்பு. எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. பெரியவர் மட்டும் பிடி கொடுக்கவில்லை. "நேர்ல பாக்காம பலகை எழுதமாட்டேன்" என்கிறார்.

தெருவில் ஒரு டிரெய்லர் லாரி திரும்புகிறது. கட்டடம் அதிர, திருவள்ளூர்ப் பயணிகள் ஏழெட்டுப் பேர் சாய்கிறார்கள். "பிடி, பிடி" என்று நாலு கைகள் பாய்கின்றன, கூட என் கையும். இங்கே தினமும் நடப்பதுதான். ஆளுக்கு இரண்டு பொம்மையை நிமிர்த்தி வைத்துவிட்டு, லாரி ஓட்டியவரை அத்தை ஒரு வாழ்த்து வாழ்த்துகிறார். அதை இங்கே அச்சிட முடியாது.

டீ வருகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்புகிறார்கள். அம்மூரை நடந்தே பார்த்து, விசாரித்து, பாதையின் மறுமுனைக்கு என்ன பெயர்ப்பலகை வைப்பது என்று முடிவு செய்ய. அளவுகோல் பையனுக்குப் புதுச் சட்டை தயார். நீங்களும் வாங்களேன் என்றார் பெரியவர். அவர் சொல்லி முடிப்பதற்குள் மதியச் சாப்பாடு என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். அத்தை உடனே திருத்தினார்: "தயிர் சாதம் மட்டும் வேணாம். வெயில்ல புளிச்சிடும்."