புதிய டென்னிஸ் மட்டை தேவையா?

"மட்டை பழையதாகிவிட்டது, அதனால்தான் பந்து சரியாகப் போகவில்லை." டென்னிஸ் ஆடும் மாணவர்கள் வீட்டில் அடிக்கடி சொல்லும் காரணம் இது. நல்ல மட்டையின் விலையோ சொற்பமன்று. ஆகவே அப்பாவிடம் பணம் கேட்பதற்கு முன், குறை எங்கே இருக்கிறது என்று இயற்பியலின் துணைகொண்டு பார்த்துவிடுவோம்.

முற்காலத்து மட்டைகள் மரத்தால் ஆனவை. அவற்றின் முகப்பரப்பு ஏறத்தாழ 70 சதுர அங்குலமே. உலோகப் பனிச்சறுக்குக் கட்டைகளைச் செய்து புகழ்பெற்ற அமெரிக்கப் பொறியாளர் ஹோவர்டு ஹெட், அத்தொழிலை விட்ட பின் டென்னிஸ் பழகினார். பந்து நடுவிலிருந்து விலகிப் படும்போதெல்லாம் மட்டை அவர் கையில் திருகிக்கொண்டது. வேறொருவராக இருந்தால் தம் கையை நொந்துகொண்டிருப்பார். இவரோ மட்டையை மாற்றினார்! 1976-இல் பிரின்ஸ் நிறுவனத்தின் வாயிலாக 110 சதுர அங்குல முகம் கொண்ட அலுமினிய மட்டை வெளிவந்தது.

முகம் அகன்றால் திருகல் ஏன் குறைகிறது? ஒரு பொருளைச் சுழற்றுவது எவ்வளவு கடினம் என்பதை அதன் நிலைமத் திருப்புத்திறன் காட்டும். இது அச்சிலிருந்து நிறை உள்ள தொலைவின் இருமடியைப் பொறுத்தது. இங்கு அச்சு என்பது கைப்பிடி வழியே செல்லும் கோடு. சட்டத்தின் எடை மாறாமல் அகலம் மட்டும் 20 சதவீதம் கூடினால், 1.2 × 1.2 = 1.44, அதாவது திருகலை எதிர்க்கும் தன்மை சுமார் 44 சதவீதம் உயர்கிறது.

இறுக்கிப் பிடித்தால் போதாதா என்பீர்கள். போதாது. பந்து நரம்பின்மேல் தங்கும் நேரம் ஏறக்குறைய 1/200 விநாடிதான். கை அதை உணர்ந்து செயல்படுமுன் பந்து போய்விடும்.

இன்றைய கார்பன் இழை மட்டைகளில் பெரும்பாலானவை 95 முதல் 110 சதுர அங்குலம் வரை உள்ளவை. எனவே ஒன்றை விட்டு இன்னொன்றை வாங்குவதால் மர மட்டையை விட்டவர்கள் கண்டது போன்ற மாற்றத்தை எதிர்பார்க்க முடியாது. வண்ணம் மட்டும் நிச்சயம் மாறும்!

அடுத்து, நரம்புகள். அவை தளர்ந்தால் பந்தின் வேகம் குறையும் என்பது பலரின் எண்ணம். உண்மை நேர்மாறானது. விதிப்படி, 254 செ.மீ. உயரத்திலிருந்து விழும் சாதாரணப் பந்து 135 முதல் 147 செ.மீ. வரையே எழும்ப வேண்டும். அதாவது, நசுங்கி மீளும் பந்து தன் ஆற்றலில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இழக்கிறது. நரம்போ வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடும். தளர்ந்த நரம்பு அதிகம் வளைவதால் பந்து குறைவாக நசுங்குகிறது. வேகம் சிறிதளவு கூடவே செய்கிறது. கெடுவது குறிதான்.

ஆகவே பந்து எல்லைக்கோட்டைத் தாண்டித் தாண்டி விழுகிறதா? நரம்பைச் சுண்டிப் பாருங்கள். கட்டிய புதிதில் கேட்டதைவிடச் சுருதி இறங்கியிருந்தால் நரம்பை மட்டும் மாற்றினால் போதும். பந்தில் வேகம் இல்லையென்றால் வீச்சைக் கவனியுங்கள். மட்டையின்மேல் பழி போட வேண்டாம்.

சட்டத்தில், குறிப்பாக நரம்புத் துளைகளின் அருகே, விரிசல் கண்டால் மட்டும் தயங்காதீர்கள். ஒவ்வொரு நரம்பும் சுமார் 25 கிலோகிராம் எடை தொங்குவது போன்ற விசையுடன் இழுக்கிறது; விரிந்த சட்டம் அதைத் தாங்காது. அப்போது கடையில் இரண்டு மட்டைகளை எடுத்து, கைப்பிடியை அச்சாகக் கொண்டு இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். எடை ஒன்றாயிருந்தும் எது திரும்ப மறுக்கிறதோ, அதை வாங்குங்கள்.