கப்பலில் கட்டில் எந்தப் பக்கம்?

சென்ற மாதம் அக்கரைப்பற்றிலிருந்து ஒரு நண்பர் தொலைபேசியில் அழைத்தார். டைல்ஸும் குளியலறைப் பொருட்களும் விற்பவர். வருட விற்பனை இலக்கை எட்டியதற்காக அவருக்கும் மனைவிக்கும் சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவுக் கப்பல் பயணம் ஒன்றை விநியோகக் கம்பனி வழங்கியிருக்கிறது. உம்மாவையும் தன் செலவில் கூட்டிப்போக நினைக்கிறார். "நானா, ஆளுக்கு இருநூறு டொலர் கூடக் கட்டினால் மேல் தட்டில், முன்பக்கத்தில், பல்கனியோடு அறை தரலாமாம். உம்மாவுக்கு வசதியாக இருக்கும்தானே? கட்டவா?" என்று கேட்டார்.

கட்ட வேண்டாம் என்றேன். காரணம், இதே தவறை நான் காசு கொடுத்துச் செய்தவன்.

2018 டிசம்பரில் நானும் மனைவியும் ஒரு வர்த்தகக் குழுவோடு சிங்கப்பூரிலிருந்து வியட்நாமுக்குக் கப்பலில் போனோம். எங்களுக்கு முதலில் ஒதுக்கப்பட்டது ஆறாம் தட்டில், கப்பலின் நடுப்பகுதியில், ஜன்னல் இல்லாத உள் அறை. என் மனைவிக்கு பஸ் பயணமே ஒத்துவராது. கடுகண்ணாவை வளைவுகள் வருமுன்னரே பொலித்தீன் பையைத் தேடுபவர். அவருக்குக் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று முகவரிடம் சொல்லி, மேலதிகப் பணம் கட்டி, பத்தாம் தட்டில் முன்பக்கத்துப் பல்கனி அறையை எடுத்தேன். நாங்கள் விட்ட உள் அறை, குழுவில் வந்திருந்த புறக்கோட்டைத் துணி வியாபாரி ஒருவருக்குப் போனது.

டிசம்பரில் தென்சீனக் கடலில் வடகீழ்ப் பருவக்காற்று வீசும். வடக்கு நோக்கிப் போகும் கப்பலுக்கு அலை நேரே முகத்தில் வந்து மோதும். இரண்டாம் நாள் இரவு எங்கள் கட்டில் ஒரு லிப்டைப் போலாகிவிட்டது. மேலே போகும், ஒரு கணம் நிற்கும், பிறகு வயிறு காலியாவது போல இறங்கும். மனைவி விடியும்வரை சத்தி எடுத்தார். பல்கனிக் கதவைத் திறக்கக்கூட முடியவில்லை, அவ்வளவு காற்று. காலைச் சாப்பாட்டில் புறக்கோட்டைக்காரரைக் கண்டேன். "இரவு கப்பல் ஓடினதா? நான் நங்கூரம் போட்டு நிற்கிறதென்றல்லவா நினைத்தேன்" என்றார்.

பிறகுதான் இந்த விடயத்தைத் தேடிப் படித்தேன். கப்பலிலேயே கேரளத்தைச் சேர்ந்த ஓர் அதிகாரி கடதாசியில் படம் கீறி விளங்கப்படுத்தினார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்.

கப்பலுக்குப் பல ஆட்டங்கள் உண்டு. தூங்குபவனுக்கு முக்கியமானவை இரண்டு. ஒன்று பக்க ஆட்டம், அதாவது கப்பல் இடம் வலமாகச் சாய்வது. மற்றது முன்பின் ஆட்டம். அணியம் என்று மீனவர்கள் சொல்லும் முன்பக்கம் எழும்ப, பின்பக்கம் தாழும், பிறகு மாறி நடக்கும். இந்த இரண்டும் கட்டிலில் படுத்திருப்பவரை எப்படிப் பாதிக்கும் என்பது கட்டில் போடப்பட்டிருக்கும் திசையைப் பொறுத்தது.

கட்டில் கப்பலின் நீளவாக்கில் இருந்தால், அதாவது தலைமாடு முன்பக்கமோ பின்பக்கமோ இருந்தால், பக்க ஆட்டம் உங்களை ஏணையில் இட்ட பிள்ளையைப் போல இடமும் வலமும் ஆட்டும். பலருக்கு இது தூக்கத்தைக் கொண்டுவரும் ஆட்டம். பாய்க்கப்பல் காலத்துப் போர்க்கப்பல்களில் மாலுமிகளின் தொங்கு படுக்கைகளை நீளவாக்கிலேயே கட்டினார்கள். கப்பல் சாய்ந்தாலும் படுக்கை தன் பாட்டில் நேராகத் தொங்கும். ஆனால் கட்டில் தொங்குவதில்லையே. ஆட்டம் கடுமையானால் நீளவாக்கில் படுத்தவர் கட்டிலிலிருந்து உருண்டு விழலாம். பழைய கப்பல்களில் கட்டிலின் ஓரத்தில் தடுப்புப் பலகை வைத்தது இதனால்தான்.

கட்டில் கப்பலின் குறுக்கே இருந்தால் கதை வேறு. பக்க ஆட்டத்தில் தலையும் காலும் தராசின் இரண்டு தட்டுகளைப் போல மாறி மாறி ஏறி இறங்கும். உடம்பு மெத்தையில் மேலும் கீழும் மெல்ல இழுபடும். தலை தாழும்போது இரத்தம் தலைக்கு ஏறுவது போலிருக்கும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். திரும்பி வரும் வழியில் அலை பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் வந்தபோது நாங்கள் நிம்மதியாகத் தூங்கினோம், எங்கள் கட்டில் நீளவாக்கில் கிடந்தது. புறக்கோட்டைக்காரருடைய கட்டில் குறுக்கே கிடந்தது. அன்று காலை அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

இவ்வளவும் சரி. ஆனால் காசு கட்டுமுன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். நாம் கணக்குப் பார்ப்பவர்கள்தானே.

குறுக்கே போட்ட இரண்டு மீற்றர் நீளமான கட்டிலை எடுத்துக்கொள்வோம். கப்பல் 3 பாகை சாய்ந்தால் தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் இடையில் வரும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர். ஒரு தலையணையின் உயரம்கூட இல்லை. இப்போது முன்பின் ஆட்டத்தைப் பாருங்கள். பெரிய பயணிகள் கப்பல்கள் சிலவற்றின் நீளம் 300 மீற்றரைத் தாண்டும். 1999 இல் சேவைக்கு வந்த வொயேஜர் ஒஃப் த சீஸ் 311 மீற்றர். அப்படியான கப்பலில் நடுவிலிருந்து 100 மீற்றர் முன்னால் உங்கள் அறை இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் வெறும் 1 பாகை முன்பின்னாக ஆடினால், உங்கள் அறை முழுவதும் ஏறத்தாழ 1.75 மீற்றர் மேலே போய், பிறகு அதே அளவு கீழே இறங்கும். ஓர் ஆளின் உயரம் மேலே, ஓர் ஆளின் உயரம் கீழே. நடுவிலிருந்து 10 மீற்றரில் உள்ள அறையில் அதே ஆட்டம் 17 சென்ரிமீற்றர்தான்.

கடல் மயக்கம் வருவதற்குப் பிரதான காரணம் இந்த ஏற்ற இறக்கம்தான். ஏறத்தாழ ஐந்து, ஆறு செக்கனுக்கு ஒரு தடவை என்ற கணக்கில் மெதுவாக ஏறி இறங்கும் அசைவே வயிற்றை அதிகம் குழப்புகிறது என்று ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே குமட்டல் வருமா வராதா என்பதை முதலில் தீர்மானிப்பது அறை இருக்கும் இடம். வராதவருக்குத் தூக்கம் எப்படி அமையும் என்பதில்தான் கட்டிலின் திசை பேசும். மட்டக்களப்பு பஸ்ஸில் கடைசி ஆசனத்தில் இருந்துகொண்டு, ஆசனத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் குலுக்கல் குறையாதல்லவா?

கப்பலின் அடியில் இரண்டு பக்கமும் நீட்டப்படும் சிறகுகளைப் பற்றி முகவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். 1936 இல் ஐல் ஒஃப் சார்க் என்ற பிரித்தானியக் கப்பலில் பொருத்தப்பட்டு, 1950 இல் பி அன்ட் ஓ கம்பனியின் சூசான் போன்ற பெரிய கப்பலுக்கும் வந்த ஏற்பாடு இது. விமானத்தின் இறக்கையைப் போல நீரில் வேலை செய்து, பக்க ஆட்டத்தின் பெரும் பகுதியைக் கொன்றுவிடும். ஆனால் அதற்குக் கப்பல் ஓடிக்கொண்டிருக்கவேண்டும். வேகம் குறைந்தால் சிறகின் பலமும் குறையும். முன்பின் ஆட்டத்துக்கோ அது மருந்தே அல்ல. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

உயரமும் ஒரு விடயம். மேல் தட்டுகளுக்குப் போகப் போக பக்க ஆட்டத்தின் வீச்சு கூடும். கப்பல் எந்த உயரத்தை மையமாகக் கொண்டு சாய்கிறதோ, அதிலிருந்து 30 மீற்றர் மேலே இருப்பவரை 3 பாகைச் சாய்வு ஒன்றரை மீற்றர் அளவுக்குப் பக்கவாட்டில் கொண்டுபோகும். பெரும்பாலும் மேலே போகப் போக விலையும் கூடுகிறது. காட்சிக்காகக் கொடுக்கும் விலை அது, தூக்கத்துக்காக அல்ல. ஒரே வகை அறைகளுக்குள் நடுப்பகுதிக்கு மட்டும் கொஞ்சம் கூடக் கேட்டால், அந்தக் காசைக் கட்டலாம். அது பிரயோசனமான செலவு.

இனிக் கட்டிலின் திசையை எப்படி அறிவது? கப்பல் கம்பனிகள் ஒவ்வொரு தட்டுக்கும் வரைபடம் வெளியிடுகின்றன. பக்கவாட்டில் உள்ள அறைகள் வழமையாக ஒடுங்கி நீண்டவை. நடைபாதைக் கதவிலிருந்து ஜன்னல் அல்லது பல்கனி வரையான அந்த நீளம் கப்பலின் குறுக்கே போகிறது. ஆகவே கட்டிலின் தலைமாடு பக்கத்து அறைச் சுவரோடு இருந்தால் நீங்கள் கப்பலின் நீளவாக்கில் படுக்கிறீர்கள். தலைமாடு ஜன்னல் பக்கமோ கதவுப் பக்கமோ இருந்தால் குறுக்கே படுக்கிறீர்கள். கப்பலின் முகப்பையோ பின்புறத்தையோ நேரே பார்த்திருக்கும் அறைகளில் இது அப்படியே தலைகீழாகும். இதில் ஏமாந்தவர்கள் அநேகர்.

இரட்டைக் கட்டில் என்று விற்கப்படுவது பல கப்பல்களில் இரண்டு தனிக் கட்டில்களைச் சேர்த்துப் போட்டதுதான். அறைப் பணியாளரிடம் சொன்னால் பிரித்துத் தருவார். சில கப்பல்களில் பிரிக்கும்போது கட்டில்கள் இரு பக்கச் சுவர்களோடும் ஒட்டி நிற்கும், அப்போது திசையே மாறிவிடும். சிலவற்றில் இருந்த திசையிலேயே நடுவில் இடைவெளி மட்டும் விடுவார்கள். புறப்படுமுன் கேட்டுக்கொள்வது நல்லது. வயது போனவர்கள் இரவில் குளியலறைக்கு எழும்பும்போது சுவரோடு ஒட்டிய கட்டிலில் உள்பக்கம் படுத்தவர் மற்றவரைத் தாண்டவேண்டி வருமே, அதையும் யோசிக்கவேண்டும். மூன்றாம் ஆளுக்குச் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறக்கப்படும் மேல் கட்டில்தான் கிடைக்கும் என்றால், அது உம்மாமாருக்கு உகந்ததல்ல.

காசில்லாத ஒரு வழியும் உண்டு. பக்கத்திலிருந்து பலமான காற்று வீசும்போது கப்பல் சற்று ஒரு பக்கம் சாய்ந்தபடியே ஓடுவதுண்டு. குறுக்கே படுத்தவருக்குத் தலை தாழ்ந்திருந்தால், தலையணையைத் தூக்கிக் கால்மாட்டில் போட்டுப் படுத்தால் போதும்.

மலிவு விலையில் அறை இலக்கம் தராமல் விற்கும் சீட்டுகளும் இருக்கின்றன. வகை மட்டும் உறுதி, இடத்தைப் பிறகு கம்பனி தீர்மானிக்கும். ஆட்டத்துக்கு அஞ்சாத வாலிபர்கள் வாங்கலாம். மற்றவர்கள் அறை இலக்கம் எழுத்தில் வராமல் பணம் கட்டக்கூடாது. குழுவாகப் போகும்போது பெயர்ப் பட்டியல் கப்பல் கம்பனிக்குப் போகுமுன் ஆளுக்காள் அறை மாற்றிக்கொள்ள இடமிருக்கும். பிறகு கேட்டால் முகவர் கையை விரிப்பார்.

இது சிங்கப்பூர் போகிறவர்களுக்கு மட்டுமான கதையல்ல. 2023 ஜூன் மாதம் சென்னையிலிருந்து எம்பிரஸ் என்ற கப்பல் ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கு வந்தது. 1990 இல் சேவையைத் தொடங்கிய, ஏறத்தாழ 211 மீற்றர் நீளமான கப்பல் அது. பொதுவாக நீளம் குறைந்த கப்பலுக்கு அதே அலையில் முன்பின் ஆட்டம் கூடும். ஜூன் மாதத்தில் நமது தென்கரையில் தென்மேல் பருவக்காற்றின் கடல் எப்படியிருக்கும் என்பதை ஹம்பாந்தோட்டை மீனவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். இப்படியான பயணங்களை விற்க நினைக்கும் நம்மவர்கள், வாடிக்கையாளரின் உம்மாவுக்கு எந்த அறை கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு விற்றால் அடுத்த வருடமும் அந்த வாடிக்கையாளர் வருவார்.

அக்கரைப்பற்று நண்பருக்கு இதையெல்லாம் தொலைபேசியில் சொன்னபோது, "ஒரு கட்டிலுக்கு இவ்வளவு கதையா?" என்று சிரித்தார். இரண்டு நாள் கழித்து மறுபடி அழைத்தார். ஏழாம் தட்டில், லிப்டுக்குச் சற்றுத் தள்ளி, நடுப்பகுதியில் அடுத்தடுத்த இரண்டு அறைகள் கிடைத்திருக்கின்றன. இடையில் கதவும் உண்டாம். தலைமாடு பக்கச் சுவரோடு. முகவர் கேட்ட மேலதிகத் தொகையில் மூன்றில் ஒரு பங்குதான் செலவானது. மிச்சத்தில் உம்மாவுக்கு சிங்கப்பூரில் ஒரு நல்ல செருப்பு வாங்கப்போகிறாராம். கடல் மயக்க மாத்திரைகளை, உம்மாவின் பிரஷர் மருந்தோடு எடுக்கலாமா என்று வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு, ஏறுமுன்னரே வாங்கி வைக்கச் சொன்னேன்.