திபெத்தியக் கம்பளம்: கோலில் சுற்றி, கத்தியால் அறுத்து

கொடைக்கானல் ஏரிக்கரைக் கடைகளிலும், பனிக்காலத்தில் மதுரை, கோவை போன்ற சமவெளி நகரங்களின் சாலையோரங்களிலும் திபெத்தியர் விற்கும் ஸ்வெட்டர்களைத் திண்டுக்கல் வட்டாரத்தார் பலர் திபெத்தின் கைவேலை என்றே எண்ணி வாங்குகின்றனர். அவற்றில் பெரும்பகுதி பஞ்சாபின் லூதியானா ஆலைகளில் பின்னப்பட்டு, மொத்த விலைக்கு எடுத்துவரப்படுபவை; அகதிகளாக வந்தவர்கள் பிழைப்புக்குக் கண்டுகொண்ட வணிகம் அது, அவர்களின் மரபுக்கலை அன்று. கம்பளியைக்கொண்டு திபெத்தியர் நூற்றாண்டுகளாகச் செய்துவந்த கலை கம்பள நெசவு ஆகும். உலகின் மற்றக் கம்பள மரபுகளிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவது அதன் முடிச்சுமுறை.

தமிழகத்தில் விரிப்பு என்றதும் நினைவுக்கு வரும் பவானி ஜமக்காளம், பாவு நூலுக்குக் குறுக்கே வண்ண ஊடை நூலை நெருக்கி அடித்து நெய்யப்படும் தட்டையான துணி. கம்பளத்திலோ பாவும் ஊடையும் அடித்தளமாக மட்டுமே நிற்கின்றன. கண்ணுக்குத் தெரிவதும் காலுக்கு மெத்தென்று படுவதும், பாவு இழைகளில் தனித்தனியே முடியப்பட்டு மேல்நோக்கி நிற்கும் கம்பளிக் குஞ்சங்களே. பாரசீக நெசவாளர் இந்தக் குஞ்சங்களை ஒவ்வொன்றாக முடிந்து, ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டே போவார். திபெத்திய நெசவாளர் செய்வது வேறு.

சின்னாளபட்டியின் குழித்தறியில் பாவு தரைக்கு இணையாகப் படுத்திருக்கும். திபெத்தியக் கம்பளத் தறியோ செங்குத்தாக நிற்கும் மரச்சட்டம், அதில் பாவு மேலும் கீழுமாக வளையம் போல் சுற்றிவரும். நெசவாளர் பாவின் முன்னால் ஒரு மெல்லிய கோலைக் கிடையாகப் பிடித்து, கம்பளி நூலைப் பாவு இழையின் பின்னே செலுத்தி, முன்னே இழுத்துக் கோலின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி அடுத்த இழைக்குக் கொண்டுபோகிறார். நிறம் மாற வேண்டிய இடத்தில் மட்டும் நூலை அறுத்து வேறு நூல் எடுப்பதால், ஒரே நிறம் நீளும் பகுதிகளில் கை நிற்காமல் ஓடுகிறது. ஒரு வரிசை முடிந்ததும் கோல் முழுவதும் வளையங்கள் நிறைந்திருக்கும். கோலைச் சுத்தியலால் தட்டி வரிசையை இறுக்கியபின், அதன் நீளவாக்கில் கத்தியை ஓட்டினால் வளையங்கள் அனைத்தும் ஒரே வீச்சில் அறுபட்டுக் குஞ்சங்களாக விரிகின்றன, கோலும் விடுபடுகிறது. பின்னர் ஊடை நூலைச் செலுத்திச் சீப்பால் அடித்து இறுக்கி, அடுத்த வரிசைக்குக் கோலை வைக்கின்றனர். குஞ்சத்தின் உயரத்தைக் கோலின் பருமனே முடிவு செய்துவிடுவதால், அதைத் தனியே அளக்க வேண்டியதில்லை.

இம்முறை வேகமானது, ஆனால் நுண்மை குறைந்தது. நேர்த்தியான பாரசீகக் கம்பளத்தில் ஒரு சதுர அங்குலத்துக்குச் சில நூறு முடிச்சுகள் இருக்க, திபெத்தியக் கம்பளத்தில் 40 முதல் 100 வரையே காணப்படும். அதற்காக இதை எளிய வேலை என்று தள்ளிவிட முடியாது; 3 அடி அகலமும் 6 அடி நீளமும் கொண்ட, திபெத்தியர் 'கதென்' எனும் படுக்கை விரிப்பில் சதுர அங்குலத்துக்கு 60 முடிச்சு என்று வைத்தாலும் மொத்தம் ஏறத்தாழ 1,55,000 முடிச்சுகள் விழுகின்றன.

நுண்மைக் குறைவை ஈடுசெய்வது கம்பளியின் தரம். தமிழகச் சமவெளியின் மேச்சேரி, வேம்பூர் செம்மறி இனங்களின் உடலில் இருப்பது வெப்பத்துக்கேற்ற குட்டை மயிர். நூற்க அது உதவாது. திபெத்தின் சாங்தாங் மேட்டுநிலத்தில், கடல்மட்டத்துக்கு 4,000 மீட்டருக்கும் மேலே, நாடோடி மேய்ப்பர்கள் வளர்க்கும் ஆடுகளின் கம்பளி நீண்டது, மீள்தன்மை மிக்கது, இயற்கைக் கொழுப்புச் செறிந்தது. அந்தக் கொழுப்பே குஞ்சங்களுக்குப் பளபளப்பைத் தந்து, தேய்மானத்தையும் தாமதப்படுத்துகிறது. கையால் நூற்ற நூல் சற்றே ஏறுமாறாகச் சாயம் உறிஞ்சுவதால், ஒரே நிறப்பரப்பிலும் அடர்த்தி கூடிக் குறைவது பழைய கம்பளங்களின் அழகாக மதிக்கப்படுகிறது.

சாயங்களில் தமிழ்நாட்டார் அறிந்தவை இரண்டு உண்டு. நீலத்துக்கு வேண்டிய அவுரிச் சாயம் இந்தியாவிலிருந்தே திபெத்துக்குச் சென்றது. சிவப்பு மஞ்சிட்டி வேரிலிருந்து வந்தது, பழனிமலையிலும் வளரும் கொடி அது. மஞ்சளுக்கு ருபார்ப் என்னும் மலைச்செடியும், பழுப்புக்கு அக்ரூட் தோலும் பயன்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து செயற்கைச் சாயங்கள் பரவி, கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்புகளும் ஊதாக்களும் நுழைந்தன. அவை எல்லாமே மரபுக்கு மெருகூட்டின என்று சொல்வதற்கில்லை.

இக்கம்பளங்கள் தரையை அலங்கரிக்க நெய்யப்பட்டவை அல்ல. உட்கார, உறங்க, குதிரையின் சேணத்துக்கு அடியிலும் மேலும் இட, மடாலயக் கூடத்தில் துறவிகள் வரிசையாக அமர்ந்து ஓத என்று ஒவ்வொன்றுக்கும் தனி அளவு இருந்தது. அமர்பவரின் தகுதி இருக்கையின் உயரத்திலும் விரிப்பின் சித்திரத்திலும் வெளிப்பட்டது. குறுக்காக இணைந்த இரட்டை வஜ்ஜிரம் பொறித்த விரிப்பு உயர்நிலை லாமாக்களுக்கு உரியது. குடை, இணைமீன், கலசம், தாமரை, வலம்புரிச் சங்கு, முடிவிலா முடிச்சு, வெற்றிக்கொடி, சக்கரம் என்னும் எட்டு மங்கலச் சின்னங்களும் அடிக்கடி இடம்பெறும். இவற்றுள் முடிவிலா முடிச்சு, தொடக்கமும் முடிவும் தெரியாமல் ஒரே கோடாக வளைந்தோடும் சிக்குக்கோலத்தைப் போன்றது.

புலிக்கம்பளம் தனிக் கவனத்துக்கு உரியது. தாந்திரிக யோகியர் புலித்தோலின்மீது அமர்ந்து தியானிக்கும் வழக்கம் இந்தியாவிலிருந்து திபெத்துக்குச் சென்றது. புலித்தோல் உடுத்த சிவனைப் பாடும் தமிழருக்கு அதன் பொருள் விளங்காமல் போகாது. தோலுக்கு மாற்றாக நெய்யப்பட்ட கம்பளத்தில் சில நெசவாளர்கள் தலை, கால், வால் என்று முழுப்புலியையே விரித்துக் காட்டினர். வேறு சிலர் விலங்கை விட்டுவிட்டு வரிகளை மட்டும் அலையலையாக நெய்தனர். மடாலயத் தூண்களைச் சுற்றிக் கட்டும் கம்பளத்தில் உள்ள டிராகன் உருவமோ, விரித்துப் பார்த்தால் துண்டுபட்டிருக்கும். தூணில் சுற்றியதும் இரு விளிம்பும் பொருந்தி முழு உடலாகிவிடும். அத்தகைய தூண் கம்பளங்களில் பெரும்பாலானவை திபெத்தியருக்காகச் சீனாவின் நிங்சியாவில் நெய்யப்பட்டவை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

1959இல் தலாய் லாமாவும் ஆயிரக்கணக்கான மக்களும் எல்லை தாண்டியபோது இக்கலையும் உடன் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் டார்ஜீலிங்கில் தொடங்கிய அகதிகள் சுயஉதவி மையத்திலும், 1960இல் காட்மாண்டு அருகே ஜாவலாகேலில் உருவான பட்டறையிலும் கம்பள நெசவே முதன்மைத் தொழிலாயிற்று. நேபாளத்தில் அது 1990களின் தொடக்கத்தில் நாட்டின் தலையாய ஏற்றுமதிகளுள் ஒன்றாக வளர்ந்து, ஜெர்மனியைப் பெருஞ்சந்தையாகக் கொண்டது. திபெத்தியக் கம்பளியுடன் நியூசிலாந்துக் கம்பளியும் கலக்கப்பட்டது. தெற்கே கர்நாடகத்தின் பைலகுப்பே, முண்ட்கோட், ஹுன்சூர், ஈரோடு மாவட்ட மலைகளுக்கு அப்பால் கொள்ளேகால் அருகிலுள்ள தொண்டென்லிங் ஆகிய குடியிருப்புகளிலும் தறிகள் நிறுவப்பட்டன. ஆனால் மக்காச்சோள வேளாண்மையும் பனிக்கால ஸ்வெட்டர் வணிகமும் கைக்கு விரைவில் பணம் தந்ததால், வாரக்கணக்கில் உழைப்பு கேட்கும் தறி இங்கே பின்னுக்குப் போனது வியப்பன்று.

பைலகுப்பேக்கோ கொடைக்கானலுக்கோ செல்பவர்கள் கம்பளம் வாங்க நேர்ந்தால், முதலில் அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முகப்பின் சித்திரம் பின்புறத்திலும் முடிச்சு முடிச்சாகத் தெளிவாகத் தெரிந்தால் அது தறியில் முடியப்பட்டது. பின்புறத்தில் துணி ஒட்டி, பசையால் இறுக்கப்பட்டிருந்தால் அது இயந்திரத்தாலோ குத்தூசியாலோ குத்திச் செய்த சரக்கு, அதற்குக் கைம்முடிச்சுக்குரிய விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.