5 ரூபாய் அரண்மனை, 6 ரூபாய் படகு: குறைந்த செலவில் மட்டாஞ்சேரியைக் காண்பது எப்படி?

கொச்சி: மூணாறு, ஆலப்புழை எனக் கேரளத்துக்குச் சுற்றுலா செல்லும் தமிழகக் குடும்பங்கள் பலவற்றின் பயணத் திட்டத்தில் கொச்சிக்கு அரை நாள் மட்டுமே ஒதுக்கப்படுகிறது. வேனில் வந்து இறங்கி, சீன வலைகளின் முன் படம் எடுத்துக்கொண்டு, ஓட்டுநர் காட்டும் கடையில் பொருள் வாங்கிவிட்டுப் புறப்படுவதுடன் அந்த அரை நாள் முடிந்துவிடுகிறது. செலவோ குறைவதில்லை. ஆனால், சரியான நாளைத் தேர்ந்தெடுத்து, உள்ளூர் மக்கள் செல்லும் படகில் ஏறி, நடந்து சுற்றத் தயாராக இருப்பவர்கள், பழைய கொச்சி அரசின் தலைநகரப் பகுதியை ஒரு முழு நாள், நபர் ஒருவருக்குச் சுமார் 300 ரூபாய்க்குள் கண்டு திரும்ப இயலும்.

கேரளத்தின் இன்றைய தலைநகர் திருவனந்தபுரம். எனினும் கொச்சி அரசு என்ற தனி நாட்டுக்கு மட்டாஞ்சேரி பல நூற்றாண்டுகள் முக்கிய இடமாக இருந்தது. சங்க இலக்கியம் வழியாகத் தமிழர்கள் அறிந்த முசிறித் துறைமுகம், 1341-ம் ஆண்டு பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளத்துக்குப் பின் தூர்ந்துபோனதாகவும், அதே வெள்ளத்தால் கொச்சித் துறைமுகம் உருவானதாகவும் வரலாற்றில் குறிப்பிடப்படுகிறது. மிளகைத் தேடி அரபியர், யூதர், போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என அடுத்தடுத்து வந்தவர்களின் தடயங்கள் சில கிலோமீட்டர் பரப்புக்குள் அடங்கியிருக்கின்றன. இங்கு வாகனமின்றிச் சுற்ற முடிவதற்கு அதுவே காரணம்.

முதலில் கவனிக்க வேண்டியது கிழமை

மட்டாஞ்சேரிக்குச் செல்லும் பலர் ஏமாற்றமடைவது பணத்தால் அல்ல, நாளைத் தவறாகத் தேர்ந்தெடுப்பதால்தான். தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதன் அருகிலுள்ள பரதேசி யூத வழிபாட்டு இல்லம் வெள்ளிக்கிழமை பிற்பகலிலும், சனிக்கிழமையிலும், யூதர்களின் திருநாட்களிலும் பார்வையாளர்களுக்குத் திறக்கப்படுவதில்லை. வார இறுதி விடுமுறையைப் பயன்படுத்தி வருபவர்கள் சனிக்கிழமையை ஃபோர்ட் கொச்சிக் கடற்கரைக்கும், ஞாயிற்றுக்கிழமையை மட்டாஞ்சேரிக்கும் ஒதுக்குவது நல்லது. ஒரே நாள் பயணம் என்றால் ஞாயிறு முதல் வியாழன் வரையிலான நாட்களே ஏற்றவை.

எர்ணாகுளத்திலிருந்து நீர்வழியே

தமிழகத்திலிருந்து ரயிலில் வருபவர்கள் இறங்குவது எர்ணாகுளத்தில். அங்கிருந்து காரில் சென்றால் பாலங்களைக் கடந்து, நெரிசலில் காத்திருந்து சுற்றிச் செல்ல வேண்டும். எர்ணாகுளம் பிரதான படகுத் துறையிலிருந்து கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை இயக்கும் படகு சுமார் 20 நிமிடங்களில் ஃபோர்ட் கொச்சியை அடைந்துவிடுகிறது. இதற்கான கட்டணம் 6 ரூபாய். துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது தோண்டியெடுத்த மண்ணைக் கொண்டு ஆங்கிலேயர் காலத்தில் உருவாக்கப்பட்ட வில்லிங்டன் தீவையும், துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பல்களையும் இந்தப் படகிலிருந்தே காணலாம். தனியார் சுற்றுலாப் படகுகள் பெருந்தொகை பெற்றுக்கொண்டு காட்டும் காட்சிகளில் பெரும்பகுதி இவைதான்.

சற்று வசதியை விரும்புவோருக்கு 2023 ஏப்ரலில் தொடங்கப்பட்ட கொச்சி நீர் மெட்ரோ உள்ளது. குளிரூட்டப்பட்ட இந்த மின்படகுகளில் குறைந்தபட்சக் கட்டணம் 20 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. உயர் நீதிமன்ற முனையத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு 2024-ல் சேவை தொடங்கியபோது கட்டணம் 40 ரூபாய். மட்டாஞ்சேரி முனையம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்து வருவோருக்கு இது நடையைக் குறைக்கும்.

அரசுப் படகு சுற்றுலாவுக்காக இயக்கப்படுவதல்ல. அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் செல்லும் உள்ளூர் மக்களின் அன்றாட வாகனம் அது. காலை, மாலை நெரிசல் நேரங்களைத் தவிர்த்து முற்பகலில் ஏறினால், பயணிகளுக்கு இடம் கிடைக்கும். வேலைக்குச் செல்பவர்களுக்கும் இடையூறு இருக்காது.

மலிவான ஆட்டோவின் உண்மை விலை

ஃபோர்ட் கொச்சியில் இறங்கியதும், மிகக் குறைந்த கட்டணத்தில் எல்லா இடங்களையும் சுற்றிக் காட்டுவதாகச் சில ஆட்டோ ஓட்டுநர்கள் அழைப்பதுண்டு. பார்வையாளர்களை அழைத்து வருவதற்காகச் சில கைவினைப் பொருள் கடைகள் தரும் தரகுத் தொகைதான் இந்தக் குறைந்த கட்டணத்துக்குப் பின்னால் உள்ளது. விளைவாக, அரண்மனையில் செலவிட வேண்டிய நேரம் கடைகளில் கழிகிறது. வாங்கும் பொருளின் விலையில் அந்தத் தரகும் சேர்ந்துவிடுகிறது. ஆட்டோ தேவைப்படுவோர், கடைகளுக்குச் செல்ல விருப்பமில்லை என்பதையும் சேருமிடத்தையும் முன்கூட்டியே தெளிவாகக் கூறி, கட்டணம் பேசி ஏறுவது நல்லது.

ஃபோர்ட் கொச்சிப் படகுத் துறையிலிருந்து மட்டாஞ்சேரி அரண்மனை சுமார் 2 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கல்வத்தி சாலையும் பஜார் சாலையும் நீர்க்கரையை ஒட்டிச் செல்கின்றன. அரிசி மண்டிகள், சுக்கு, மிளகு, ஏலக்காய் மூட்டைகள் அடுக்கப்பட்ட கிடங்குகள், ஓடு வேய்ந்த பழைய கட்டடங்கள் ஆகியவற்றின் நடுவே செல்லும் இந்த நடை, கட்டணமில்லாத ஓர் அருங்காட்சியகத்துக்குச் சமம். மூடப்பட்ட கிடங்குகள் சில இன்று கலைக்கூடங்களாகவும் உணவகங்களாகவும் மாறியிருக்கின்றன.

அரண்மனைக்குள் என்ன இருக்கிறது?

டச்சு அரண்மனை என்று அழைக்கப்பட்டாலும், மட்டாஞ்சேரி அரண்மனையைக் கட்டியவர்கள் போர்ச்சுகீசியர். 16-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கொச்சி மன்னர் வீர கேரள வர்மாவுக்கு அவர்கள் இதை அளித்தனர். 1663-ல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் இதைப் புதுப்பித்ததால் அவர்கள் பெயரே நிலைத்துவிட்டது. நடுவில் முற்றமும் நான்கு புறமும் கூடங்களும் கொண்ட நாலுகெட்டு அமைப்பிலான இக்கட்டடத்தில் கொச்சி மன்னர்களின் முடிசூட்டு விழாக்கள் நடைபெற்றன. முற்றத்தில் பழையன்னூர் பகவதி கோயில் உள்ளது.

நுழைவுக் கட்டணம் பல ஆண்டுகளாக 5 ரூபாய் என்ற அளவிலேயே இருந்து வருகிறது. 15 வயதுக்கு உட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை. அரச படுக்கையறையின் சுவர்களில் தீட்டப்பட்டுள்ள ராமாயண ஓவியங்களே அரண்மனையின் சிறப்பு. பச்சிலை, கனிமம் முதலியவற்றிலிருந்து எடுத்த வண்ணங்களால் ஆன இந்தச் சுவரோவியங்கள், கேரள ஓவிய மரபின் தலைசிறந்த எடுத்துக்காட்டுகளில் அடங்கும். சுவரின் ஒரு மூலையிலிருந்து தொடங்கிக் கதையின் வரிசையில் பார்த்துச் செல்ல ஒரு மணி நேரம் தேவைப்படும். பளபளக்கும் கருங்கல் போலத் தோன்றும் தரை உண்மையில் கல் அன்று. எரித்த தேங்காய் ஓடு, கரி, சுண்ணாம்பு, தாவரச் சாறு, முட்டை வெள்ளைக்கரு ஆகியவற்றைக் கலந்து அமைக்கப்பட்டது.

வட்டெழுத்துச் செப்பேடுகள் உள்ள வழிபாட்டு இல்லம்

அரண்மனையிலிருந்து சில நிமிட நடையில் யூதத் தெரு வருகிறது. அதன் முடிவில் 1568-ல் கட்டப்பட்ட பரதேசி வழிபாட்டு இல்லம் உள்ளது. சீனாவிலிருந்து கொண்டுவரப்பட்ட, கையால் வண்ணம் தீட்டிய நீலநிற ஓடுகள் இதன் தரையை அலங்கரிக்கின்றன. ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் உரிமைகளை வழங்கிப் பொறித்த செப்பேடுகளைப் பாதுகாத்து வருவதும் இந்த இல்லமே. சுமார் 1,000 ஆண்டுகள் பழமையான அந்தச் சாசனத்தின் எழுத்து, தமிழகக் கல்வெட்டுகளிலும் காணப்படும் வட்டெழுத்து ஆகும்.

இங்கு நுழைவுக் கட்டணம் 10 ரூபாய் அளவிலானது. காலணிகளைக் கழற்றிவிட்டு, தோளும் முழங்காலும் மறையும் உடையில் செல்ல வேண்டும். 1948-ல் இஸ்ரேல் உருவான பின் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். முறையான கூட்டு வழிபாட்டுக்கு வயது வந்த ஆண்கள் 10 பேர் தேவை. அந்த எண்ணிக்கை இன்று உள்ளூரில் இல்லை. தெருவின் வீடுகள் பெரும்பாலும் பழம்பொருள் கடைகளாகிவிட்டன. அவற்றில் வைக்கப்பட்டுள்ள பழைய மரச் சிற்பங்களையும் வெண்கல வார்ப்புகளையும் பார்க்கக் கட்டணம் இல்லை. நறுமணப் பொருட்கள் வாங்க விரும்புவோர், இந்தத் தெருவின் விலையைப் பஜார் சாலைக் கடைகளின் விலையுடன் ஒப்பிட்ட பிறகு வாங்கலாம்.

கட்டணமே இல்லாத இடங்கள்

குஜராத்தி சாலையில் உள்ள தர்மநாத் சமணக் கோயிலில், நண்பகல் வேளையில் புறாக்களுக்குத் தானியம் இடும் வழக்கம் உண்டு. நூற்றுக்கணக்கான புறாக்கள் ஒருசேர இறங்கும் அந்தக் காட்சியைக் காண்பதற்கு முற்பகல் நடையை அதற்கேற்பத் திட்டமிட வேண்டும். குஜராத்தியர், கொங்கணியர், கச்சி மேமன்கள், தமிழர் எனப் பல மொழி பேசுவோர் இப்பகுதியில் தலைமுறைகளாக வாழ்கின்றனர்.

தமிழ்ப் பயணிகள் தவறவிடக் கூடாத இடம், ஃபோர்ட் கொச்சியின் வெளி பகுதியில் உள்ள சலவைக் கூடம். டச்சுப் படையினரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழகப் பகுதிகளிலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள், இன்றும் இங்கு அதே தொழிலைச் செய்து வருகின்றனர். தற்போதைய கூடம் 1976-ல் அமைக்கப்பட்டது. கல்லில் துவைத்து, கஞ்சி போட்டு, இரு கயிறுகளை முறுக்கி அந்த முறுக்குக்குள் துணியைச் செருகிக் கவ்வியின்றிக் காயவைத்து, கரிப்பெட்டியால் தேய்க்கும் முறையை இங்குக் காணலாம். தமிழில் நலம் கேட்டால் தமிழிலேயே பதில் கிடைக்கக்கூடிய இடம் இது. ஆனால் இது காட்சிக்கூடம் அன்று, பணியிடம். படம் எடுப்பதற்கு முன் அனுமதி கேட்பது முறை.

ஃபோர்ட் கொச்சிக் கரையில் உள்ள சீன வலைகளைப் பார்க்கவும் கட்டணம் இல்லை. கற்களை எடையாகக் கட்டிய மரச் சட்டத்தை நான்கைந்து பேர் இழுத்து உயர்த்துவர். வலையை இழுத்துப் பார்க்குமாறு தொழிலாளர்கள் அழைத்தால், அதற்குச் சிறு தொகை எதிர்பார்க்கப்படும் என்பதை அறிந்துகொள்ள வேண்டும். அருகிலுள்ள புனித பிரான்சிஸ் ஆலயத்தில்தான், 1524 டிசம்பர் 24 அன்று கொச்சியில் இறந்த வாஸ்கோ டகாமாவின் உடல் முதலில் அடக்கம் செய்யப்பட்டது. பின்னர் அவரது எச்சங்கள் லிஸ்பன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டன. கல்லறைக் கல் இன்றும் ஆலயத்துக்குள் உள்ளது.

2012-ல் தொடங்கிய கொச்சி-முசிறி கலைத் திருவிழா நடைபெறும் காலத்தில் முதன்மை அரங்குகளுக்குக் கட்டணம் உண்டு. ஆனால் அத்திருவிழாவின் தொடர்ச்சியாகத் தெருச் சுவர்களில் தீட்டப்பட்ட ஓவியங்களை ஆண்டு முழுவதும் இலவசமாகக் காணலாம். டிசம்பர் 31 நள்ளிரவில் 'பாப்பாஞ்ஞி' என்ற முதியவரின் உருவப் பொம்மையை எரித்துப் புத்தாண்டை வரவேற்கும் விழாவும் பொதுவிழாவே. அன்று கூட்டம் மிகுதி என்பதால் குழந்தைகளுடன் செல்வோர் கவனமாக இருக்க வேண்டும். அந்த நாட்களில் அறை வாடகையும் உயரும்.

உணவும் தங்குமிடமும்

கடற்கரையை ஒட்டிய உணவகங்களைவிட மட்டாஞ்சேரியின் உள்தெருக்களில் விலை குறைவு. 'ஊண்' எனப்படும் மதியச் சாப்பாடு, கப்பையும் மீன்கறியும், பழம்பொரியும் சுலைமானித் தேநீரும் இங்கு எளிய கடைகளிலேயே சுவையாகக் கிடைக்கின்றன. பிரியாணிக்குப் பெயர்பெற்ற காயிக்காவின் ரஹ்மத்துல்லா உணவகம் 1948 முதல் இயங்கி வருகிறது. குஜராத்தி சாலையில் சைவ உணவும் இனிப்பு வகைகளும் உண்டு.

தங்க வேண்டியிருந்தால், ஃபோர்ட் கொச்சியைவிட எர்ணாகுளம் ரயில் நிலையங்களை ஒட்டிய விடுதிகளில் வாடகை பொதுவாகக் குறைவு. பெண் பயணிகளுக்காக எர்ணாகுளம் வடக்குப் பகுதியில் கொச்சி மாநகராட்சி 2023-ல் ஒரு விடுதியைத் திறந்தது. அதன் பொதுக்கூடப் படுக்கைக்கு 100 ரூபாய் என்று கட்டணம் நிர்ணயிக்கப்பட்டது. அதே பகுதியில், 10 ரூபாய்ச் சாப்பாட்டுடன் மாநகராட்சி 2021 அக்டோபரில் தொடங்கிய 'சம்ருத்தி' உணவகமும் உள்ளது.

ஒரு நாள் கணக்கு

அரசுப் படகில் சென்று திரும்ப 12 ரூபாய், அரண்மனைக்கு 5 ரூபாய், யூத வழிபாட்டு இல்லத்துக்கு 10 ரூபாய் என, காட்சிகளுக்கும் நீர்வழிப் பயணத்துக்குமான செலவு 30 ரூபாயைத் தாண்டுவதில்லை. காலை உணவு, மதியச் சாப்பாடு, மாலைத் தேநீர் ஆகியவற்றுக்குச் சுமார் 250 ரூபாய் வைத்துக்கொண்டால் மொத்தம் 300 ரூபாய்க்குள் அடங்கும். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இது சுமார் 1,200 ரூபாய். ஊருக்கு வந்து திரும்பும் செலவும் தங்கும் செலவும் இதில் அடங்கா. கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால் புறப்படுவதற்கு முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை மிகுதி என்பதால் குடை அவசியம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நடப்பதற்கு ஏற்ற காலம். எந்தக் காலமாயினும், ஃபோர்ட் கொச்சியில் இறங்கியவுடன் எர்ணாகுளத்துக்கான கடைசிப் படகின் நேரத்தைத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். சூரிய அஸ்தமனத்தைச் சீன வலைகளின் பின்னணியில் பார்த்துவிட்டு வரும்போது அந்தப் படகைத் தவறவிட்டால், பாலம் சுற்றித் திரும்பும் வாடகைக் கார், நாள் முழுவதும் மிச்சப்படுத்திய தொகையை ஒரே பயணத்தில் விழுங்கிவிடும்.