ரப்பர் தேய்த்தால் கம்பி முளைக்காது

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திக்கொண்டது. ஏஐ தரவு மையங்கள் கிடைத்த ரேமையெல்லாம் அள்ளிக்கொள்வதால் விலையும் ஏறிக் கிடக்கிறது. பழைய டெஸ்க்டாப்பை எடைக்குப் போடுவதா, தேற்றிக்கொள்வதா என்று பலரும் யோசிக்கிற நேரத்தில், வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “என்னுடையது ஜி41 சிப்செட் மதர்போர்டு. 2 ஜிபி ரேமைக் கழற்றிவிட்டு 4 ஜிபி டிடிஆர்3 போட்டேன். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. அதே ரேம் நண்பர் வீட்டில் நன்றாக ஓடுகிறது. கடைக்காரர் ரப்பரால் தேய்த்துப் போடச் சொல்கிறார். தேய்க்கலாமா?”

லேசாகத் தேய்க்கலாம், தப்பில்லை. ரேமின் கால்களில் படிந்த அழுக்கு போகும். கழற்றி அழுத்தி மாட்டியதிலேயே பல மெஷின்கள் பிழைத்துவிடும். பெயர் மட்டும் ரப்பருக்கு. ஆனால் உங்கள் ரேம் நண்பர் வீட்டில் ஓடுகிறது, உங்கள் போர்டு பழைய ரேமோடு ஓடுகிறது. இரண்டுக்கும் நோய் இல்லை. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

டிடிஆர்3 ரேமில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு கறுப்புச் சிப்பையும் 8 அரங்குகள் கொண்ட சினிமா வளாகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசைக்கு 1,024 இருக்கை, இருக்கைக்கு 8 பிட். எந்த வரிசை என்பதைச் சிப்புக்குச் சொல்ல முகவரிக் கம்பிகள் உண்டு. 2 ஜிகாபிட் சிப்புக்கு 15 கம்பி போதும். அரங்குக்கு 32,768 வரிசைகளைக் குறிப்பிட்டுவிடலாம். பிறகு வந்த 4 ஜிகாபிட் சிப்பில் இருக்கைகளைத் தொடவில்லை, வரிசைகளை மட்டும் இரட்டிப்பாக்கினார்கள். அதற்கு 16-ஆவது கம்பி வேண்டும். 2008-இல் வந்த இன்டெலின் ஜி41-க்கு அதை ஆளத் தெரியாது. உங்கள் ரேமில் இருப்பது பெரும்பாலும் இந்த 4 ஜிகாபிட் சிப்தான்.

அந்தக் கம்பி இல்லாவிட்டால், 40,000-ஆம் வரிசைக்குக் கிழித்த டிக்கெட்டும் 7,232-ஆம் வரிசைக்கே போய் நிற்கும். ஒரே சீட்டுக்கு இரண்டு பேர்! முதல் நாள் முதல் காட்சியில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ரேமின் ஓரத்தில் இருக்கும் குட்டிச் சிப்பில், எத்தனை வரிசை, எத்தனை இருக்கை என்ற விவரம் எழுதியிருக்கும். சுவிட்சைப் போட்டதும் பயாஸ் அதைப் படிக்கிறது. கணக்கு ஒத்துவராவிட்டால் கேட்டையே திறப்பதில்லை. பீப் சத்தம் அல்லது கறுப்புத் திரை. சில போர்டுகள் பாதிப் பேரை மட்டும் உள்ளே விட்டு 2 ஜிபி என்று காட்டும்.

உவமையை இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமானாலும் அவர் வரிசை மொத்தத்தையும் எழுப்பி வராந்தாவுக்குக் கொண்டுவந்து, கேட்டு முடித்ததும் அவரவர் சீட்டில் திரும்ப உட்காரவைக்க வேண்டும். படித்தாலே செல்லில் உள்ள மின்னூட்டம் கலைந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. யாரும் கேட்காவிட்டாலும் மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே 64 மில்லி விநாடிக்குள் எல்லா வரிசையையும் ஒருமுறை எழுப்பி உட்காரவைத்தாக வேண்டும். இந்த அமளிக்கு நடுவில்தான் உங்கள் எக்செல் கணக்கு பத்திரமாக இருக்கிறது.

வரலாறு கேட்பவர்களுக்கு: ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி என்ற இந்தச் செல்லுக்கு ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டு 1968-இல் காப்புரிமை பெற்றார். வரிசை எண்ணையும் இருக்கை எண்ணையும் ஒரே கம்பிகளில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் சிக்கனத்தை 1973-இல் மாஸ்டெக் நிறுவனம் 4 கிலோபிட் சிப்பில் கொண்டுவந்தது. இன்றும் அதேதான். போதும்.

வாசகருக்கு வழி உண்டு. அதே 4 ஜிபி ரேம், 2 ஜிகாபிட் சிப் பதினாறு வைத்தும் வருகிறது. ஒரு பக்கம் 8, மறு பக்கம் 8. லேபிளில் 2ஆர்எக்ஸ்8 என்று இருக்கும். எட்டே சிப் உள்ளதில் 1ஆர்எக்ஸ்8. சிப்பை எண்ணினால் மட்டும் போதாது. ‘ஏஎம்டிக்கு மட்டும்’ என்று மலிவாக விற்கும் ரேமிலும் 16 சிப்தான், ஆனால் அதில் இருக்கைக்கு 4 பிட், வரிசைக்கு 2,048 இருக்கை. இன்டெல் போர்டு அதைச் சீண்டாது. சரியான ரேம் கிடைத்ததும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளை ஓர் இரவு ஓடவிடுங்கள். 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜிபியில் 3 சொச்சம்தான் பயன்படும். அதற்கு ரேமைத் திட்ட வேண்டாம்.

ரேம் கூட்டினால் மெஷின் ராக்கெட் ஆகிவிடும் என்ற விற்பனைப் பேச்சையும் நம்ப வேண்டாம். போதாத ரேமைக் கூட்டினால் மூச்சுத் திணறல் நிற்கும், அவ்வளவுதான். பெரும்பாலான ஜி41 போர்டுகளில் இரண்டே ஸ்லாட், உச்சவரம்பு 8 ஜிபி. கடைக்குப் போகும்போது பழைய ரேமையும் போர்டின் மாடல் எண்ணையும் எடுத்துச் செல்லுங்கள். ஓடாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வதாக பில்லில் எழுதி வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.