கிணற்று மேட்டில் ஒரு நோட்டு

கொட்டிவாக்கத்தில் எங்க அத்தை வீட்டுப் பின்பக்கம் ஒரு உறைக்கிணறு இருக்கிறது. கிழக்கே பத்து நிமிஷம் நடந்தால் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். நடுவில் இருக்கிற மணல் மேட்டில் ஒரு காலத்தில் சவுக்குத் தோப்பு, இப்போது அடுக்குமாடி. போன தடவை போயிருந்தபோது, காலையில் மோட்டார் போடுவதற்கு முன்னால், ஒரு டேப்பின் நுனியில் இரும்பு நட்டைக் கட்டி கிணற்றுக்குள் இறக்கினேன்.

“என்னடா, மீன் புடிக்கிறியா?” என்றார் அத்தை.

“தண்ணி எவ்ளோ கீழ இருக்குன்னு அளக்குறேன் அத்தை.”

“எட்டிப் பாத்தாலே தெரியுதே!”

எட்டிப் பார்த்தால் தண்ணி இருப்பது தெரியும். போன ஐப்பசியை விட ஒரு முழம் இறங்கியிருக்கா என்பது தெரியாது. கடலோரத்தில் அந்த ஒரு முழம்தான் எல்லாமே.

ஏன் என்று சொல்கிறேன். மணலுக்கு அடியில் நல்ல தண்ணி, கனமான உப்புத் தண்ணியின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் டச்சுக்காரர் ஒருவரும், பிறகு ஜெர்மானியர் ஒருவரும் தனித்தனியாக இதற்கு ஒரு கணக்கு கண்டுபிடித்தார்கள். கைபன்–ஹெர்ஸ்பெர்க் கணக்கு என்று பெயர். கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நல்ல தண்ணி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் நல்ல தண்ணி இருக்கும். மேலே அரை மீட்டர் இறங்கினால் கீழே உப்பு 20 மீட்டர் ஏறி வரும். ஒரே நாளில் வந்துவிடாது, இரண்டுக்கும் நடுவில் கலங்கல் பகுதியும் உண்டு. ஆனால் போக்கு அதுதான். கிணறு எவ்வளவு ஆழம் என்று பெருமையாகச் சொல்கிறோமே, இங்கே ஆழத்துக்கு மதிப்பில்லை. தண்ணி கடலை விட எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் இது நடந்தே முடிந்துவிட்டது. கொசஸ்தலை, ஆரணி ஆற்றுப் படுகையில் 1966 முதல் 1969 வரை ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆய்வு செய்தார்கள். அங்கிருந்து நகரத்துக்கும் தொழிற்சாலைக்கும் தண்ணி போனது, வயலுக்கும் இறைத்தார்கள். 1969இல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை இருந்த உப்பு, 1983இல் சுமார் 9 கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. இத்தனையும் நமக்கு எப்படித் தெரியும்? கிணறு கிணறாகப் போய் யாரோ அளந்து எழுதி வைத்ததால்தான். அந்த எண்கள் கோப்பில் இருந்தன. நாற்று நட்ட உழவர் கையில் இல்லை. எனக்கு ஆதங்கமே இதில்தான்.

ஆந்திராவில் இதை மாற்றிக் காட்டினார்கள். 2003 வாக்கில் தொடங்கி, வறட்சி மிகுந்த 7 மாவட்டங்களில், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் உதவியோடு உழவர்களே அளந்தார்கள். ஊரில் ஒரு மழைமானி, தேர்ந்தெடுத்த போர்வெல்களில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை நீர்மட்டம். ரபி பருவம் தொடங்கும் முன் ஊர் கூடி உட்கார்ந்து, பூமிக்குள் எவ்வளவு தண்ணி சேர்ந்திருக்கு, யார் யார் என்ன பயிர் வைக்கப் போறாங்க, அதுக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். யாருக்கும் தடை போடவில்லை. எண்ணைப் பார்த்துவிட்டு நெல்லைக் குறைத்தவர்கள் பலர்.

நாம் தொடங்க பெரிய கருவி எதுவும் வேண்டாம். கிணற்றின் விளிம்பில் பெயிண்டால் ஒரு கோடு போடுங்க, எப்போதும் அந்தக் கோட்டிலிருந்தே அளக்கணும். மோட்டார் ஓடி நின்றவுடன் அளந்தால் எண் பொய் சொல்லும். விடியற்காலைதான் சரி. கடலோரத்தில் இருப்பவர்கள் டி.டி.எஸ். மீட்டரும் வைத்துக்கொள்ளலாம். பாசனத்துக்கு 450க்குக் கீழே கவலையில்லை, 2,000க்கு மேலே போனால் பல பயிர்கள் தாங்காது. ஒரு நாள் எண்ணை விட, அது மாதாமாதம் ஏறுகிறதா என்பதுதான் முக்கியம்.

மழையை நாம் ‘ஒரு உழவு மழை’, ‘ரெண்டு உழவு மழை’ என்று மண் நனைந்த ஆழத்தை வைத்துச் சொல்கிறோம். அருமையான அளவு, அதை விட்டுவிட வேண்டாம். பக்கத்தில் மில்லிமீட்டரையும் எழுதுங்க. வானிலைத் துறை போலக் காலை 8.30க்கே பாருங்க, அப்போதுதான் ஒப்பிட முடியும். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மழை என்றால் சுமார் 4,000 லிட்டர். 2015 டிசம்பர் 2 காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். ஏக்கருக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்க!

வாய்க்காலுக்கு ஒரு எலுமிச்சம்பழம் போதும். நேராக ஓடும் இடத்தில் 10 மீட்டர் அளந்து, இரண்டு பக்கமும் குச்சி நட்டு, பழத்தை மிதக்கவிட்டு நேரம் பாருங்க. மூன்று தடவை செய்து சராசரி எடுக்கணும். 20 வினாடி என்றால் வேகம் வினாடிக்கு அரை மீட்டர். மேல்தண்ணி வேகமாகவும் அடித்தண்ணி மெதுவாகவும் ஓடுவதால் 0.85ஆல் பெருக்கணும். வாய்க்கால் அகலம் 1 மீட்டர், சராசரி ஆழம் 30 சென்டிமீட்டர் என்றால், வினாடிக்கு சுமார் 127 லிட்டர். கடைமடைக்கு வருவதையும் இதேபோல் அளந்தால், வழியில் எவ்வளவு காணாமல் போகுது என்று சண்டையில்லாமல் பேசலாம். (சண்டை வராது என்று உத்தரவாதம் தர முடியாது.)

இந்த எலுமிச்சம்பழ வித்தையைப் பக்கிங்காம் கால்வாயில் காட்ட வேண்டாம். தாம்பரம் பக்கத்து ஏரிகளின் உபரி, பள்ளிக்கரணை சதுப்பில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாக இந்தக் கால்வாய்க்கு வந்து, தெற்கே முட்டுக்காட்டில் கடலைச் சேர்கிறது. முகத்துவாரம் திறந்திருக்கும்போது கடல் ஏற்றத்தில் தண்ணி தயங்கும், சில நேரம் திரும்பியும் ஓடும். அங்கே ஒரு தடவை அளந்த எண்ணை நம்பினால் மோசம். மணிக்கணக்காக நின்று, ஏற்றம் வற்றம் இரண்டையும் பார்த்துத்தான் எழுதணும்.

அத்தையின் கிணற்று விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு போட்டுவிட்டு வந்தேன். ஒன்றாம் தேதியும் பதினைந்தாம் தேதியும் அளந்து, காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் எழுதி வைக்கிறார். போன வாரம் போன் செய்தார். “டேய், மேல் வீட்டுல ரெண்டாவது போர் போட்டாங்க. நம்ம கெணறு நாலு விரக்கடை எறங்கிடுச்சு. அவங்ககிட்ட காலண்டர எடுத்துட்டுப் போய்க் காட்டலாமா?”