பெயரும் ஒரு முதல்தான்
(சிறு வணிகர்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும்)

தண்ணீர்மலைப் பகுதியில் வசித்த என் அத்தை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் முறுக்கு சுட்டு விற்றார். வெற்று நெகிழிப் பையில் இருபது முறுக்குகளை அடுக்கி, வாயை மெழுகுவர்த்தியில் வாட்டி ஒட்டிவிடுவார். அதில் பெயரோ முகவரியோ இருக்காது. அவரிடம் மொத்தமாக வாங்கிய ஒரு வியாபாரி, அந்தப் பைகளின்மேல் தம் கடைப் பெயர் அச்சிட்ட தாளை ஒட்டிக் கடைகளுக்குப் போட்டார். அத்தை அதைக் குறையாக எண்ணவில்லை. "சரக்கு போகிறதே, போதாதா?" என்பார்.

பிறகு அத்தைக்கு உடல்நலம் குன்றியது. எட்டு மாதங்கள் அடுப்பு மூட்டவில்லை. நலமடைந்து மீண்டும் சுட்டு எடுத்துக்கொண்டு கடைகடையாகப் போனபோது, கடைக்காரர்கள் சொன்ன பதில் ஒன்றுதான்: "எங்களிடம் அந்தப் பெயர் போட்ட முறுக்கு இருக்கிறதே அம்மா. ஆட்கள் அதைத்தான் கேட்கிறார்கள்." வியாபாரி இதற்குள் வேறொருவரிடம் முறுக்கு வாங்கி, அதே தாளை ஒட்டி விற்றுக்கொண்டிருந்தார். அவர் செய்தது சட்டப்படி திருட்டு அன்று. அந்தத் தாளும் அதிலிருந்த பெயரும் அவருடையவை. இருபது ஆண்டு உழைப்பில் அத்தை சேர்த்த நற்பெயர் முழுவதும் இன்னொருவர் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருந்தது.

பணம், இடம், உழைப்பு ஆகியவற்றையே நாம் முதல் என்கிறோம். பெயரும் ஒரு முதல் என்பதை நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. வணிகத் துறை மாணவர்கள் இதைத்தான் 'பிராண்டிங்' என்று படிக்கிறார்கள். இது பெரிய நிறுவனங்களுக்கு உரியது, விளம்பரத்துக்கு இலட்சக்கணக்கில் செலவிட வேண்டியது என்ற எண்ணம் தவறானது. நம் பினாங்குத் தீவே அதற்குச் சான்று.

காவடியில் பிறந்த பெயர்

தண்ணீர்மலை என்றதும் நம் நினைவுக்கு வருவது தைப்பூசக் காவடி. அதே காவடி, அதாவது இரு முனைகளிலும் சுமை தொங்கும் தோள்தடி, இந்தத் தீவில் ஒரு வணிகத்தையும் பெற்றெடுத்திருக்கிறது. மலாய் மொழியில் 'கண்டார்' என்றால் தோள்தடியில் சுமத்தல் என்று பொருள். அந்நாளில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தடியின் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் குழம்பையும் தொங்கவிட்டுத் தெருத் தெருவாகவும் துறைமுகத் தொழிலாளர்களிடமும் கொண்டு சென்று விற்றனர். விற்ற முறையே உணவுக்குப் பெயராகி 'நாசி கண்டார்' ஆனது. இன்று தடியும் இல்லை, தெருவில் சுமப்பவரும் இல்லை. பெயர் மட்டும் நாடு முழுவதும் நிற்கிறது.

இந்த வணிகத்தில் புகழ்பெற்ற நான்கு கடைகளின் பெயர்களைப் பாருங்கள். கேம்பல் சாலையிலுள்ள 'ஹமீதியா', 1907ஆம் ஆண்டில் முகமது தம்பி ராவுத்தரால் தொடங்கப்பட்டது. நூறாண்டைக் கடந்த அந்தக் கடைக்கு வயதே ஒரு விளம்பரம். பினாங்கு சாலையில் ஒரு சந்துக்குள் இருப்பது 'லைன் கிளியர்'. பாதை தடையின்றி இருக்கிறது என்று சொல்லும் இரயில்வே சொல் அது. கேட்டவர் மறக்கமாட்டார். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை ஒட்டி இரவில் வணிகம் செய்யும் கடைக்கு 'பெராத்தூர்' என்று பெயர். மலாயில் வரிசையில் நிற்றல் என்று பொருள். வாடிக்கையாளர்கள் வரிசை பிடித்து நின்றதால் அவர்களே இட்ட பெயர் இது. நான்காவது 'பெலித்தா'. விளக்கு என்று பொருள்படும் இந்தப் பெயரில் 1995இல் பினாங்கு மாநிலத்தில் தொடங்கிய கடை, பின்னர் நாட்டின் பல நகரங்களில் கிளை பரப்பியது.

நான்கு பெயர்களும் நான்கு வழிகளில் வந்தவை. ஆயினும் அவற்றுக்குள் ஓர் ஒற்றுமை உண்டு. சிறியவை, தமிழர், மலாய்க்காரர், சீனர் ஆகிய மூவரும் எளிதில் உச்சரிக்கக்கூடியவை, அடுத்த கடையின் பெயரோடு குழம்பாதவை. கடைக்குப் பெயர் தேடுவோர் இந்த மூன்றையும் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் நால்வரின் முதலெழுத்துகளைக் கோத்து வைக்கும் பெயர் நமக்கு இனிக்கலாம். வாடிக்கையாளர் நாவில் தங்காது.

ஒன்றைச் செய்க, அதையே நன்று செய்க

பெயரை வைப்பது ஒரு நாள் வேலை. அதற்கு மதிப்புச் சேர்ப்பது பல ஆண்டு வேலை. திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே உள்ள 'இருட்டுக்கடை' அல்வாவைப் பலர் அறிந்திருப்பீர்கள். மங்கலான விளக்கொளியில் மாலை நேரத்தில் மட்டும் வணிகம் நடந்ததால், 'பெராத்தூர்' போலவே அந்தப் பெயரும் மக்கள் இட்டதுதான். அந்தக் கடை விற்றுப் புகழ்பெற்றது அல்வா ஒன்றைத்தான். அல்வா என்றதும் அந்தக் கடை, அந்தக் கடை என்றதும் அல்வா.

நம் சிறு வணிகர்களில் பலர் இதற்கு நேர்மாறாக நடக்கிறார்கள். முறுக்கு நன்றாகப் போகத் தொடங்கியதும் அதிரசம், நெய்யுருண்டை, ஊறுகாய், பூமாலை என்று பெருக்கிவிடுகிறார்கள். பலகையில் இருபது பொருள் எழுதினால் பார்ப்பவர் மனத்தில் ஒன்றும் பதியாது. முதலில் ஒரு பொருளால் பெயர் வாங்குங்கள். அந்தப் பெயர் காலூன்றிய பிறகு மற்றவை தாமே வரும்.

அடுத்தது மாறாமை. இன்று கரகரப்பாகவும் நாளை எண்ணெய் வழியவும் இருந்தால் அதற்குப் பெயர் கைப்பக்குவம் அன்று. மாவு, உளுந்து, வெண்ணெய், உப்பு ஆகியவற்றை நிறுத்து, கிராம் கணக்கில் ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். அத்தை அப்படி எழுதியிருந்தால், அவர் படுத்திருந்த எட்டு மாதமும் வீட்டில் வேறொருவர் அதே முறுக்கைச் சுட்டிருக்கலாம். கையிலும் கண்ணிலும் மட்டும் இருக்கும் தொழில், அந்தக் கை ஓயும் நாளில் ஓய்ந்துவிடும். கடை திறக்கும் நேரமும் அப்படியே. பசியாற வந்தவர் இருமுறை மூடிய கதவைக் கண்டால் மூன்றாம் முறை வரமாட்டார்.

பொட்டலமே விற்பனையாளர்

கடையில் நாம் இல்லாதபோது நமக்காகப் பேசுவது பொட்டலம்தான். அதில் பொருளின் பெயர், உள்ளீட்டுப் பொருள்கள், எடை, செய்தவர் பெயரும் முகவரியும், காலாவதி நாள் ஆகியவை தெளிவாக இருக்கட்டும். பொட்டலமிட்ட உணவுக்கான விவரச்சீட்டைப் பற்றி 1985ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறை விதிகள் விரிவாகக் கூறுகின்றன. முறையான சான்றிதழ் இல்லாமல் ஹலால் சின்னத்தை ஒட்டுவது குற்றம் என்பதையும் மறக்கக்கூடாது. இவற்றுடன் தொலைபேசி எண்ணையும் சேர்த்து, ஒரே நிறத்தையும் ஒரே எழுத்து வடிவத்தையும் தொடர்ந்து பயன்படுத்துங்கள். ஆண்டுக்கொரு நிறம் மாற்றினால் வாடிக்கையாளர் ஒவ்வோர் ஆண்டும் நம்மைப் புதிதாகத் தேட வேண்டியிருக்கும்.

தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைச் சாலையில் கூடும் கூட்டத்தைப் பாருங்கள். அந்த இரண்டு மூன்று நாள்களில் பலர் கடை போடுகிறார்கள், விற்கிறார்கள், கடையைப் பிரிக்கிறார்கள். வாங்கியவர் ஈப்போவிலிருந்து வந்தவராக இருக்கலாம். மீண்டும் வாங்க விரும்பினால் அவர் யாரைத் தேடுவார்? பையில் ஒரு பெயரும் எண்ணும் இருந்தால், தைப்பூச வாடிக்கையாளர் தீபாவளிக்கும் அழைப்பார். இன்று புலனச் செய்தியில் முன்பதிவு பெறுவதற்கும், கூகுள் வரைபடத்தில் கடையின் இடத்தைப் பதிவதற்கும் கட்டணம் இல்லை. பகல் வெளிச்சத்தில் எடுத்த நான்கு நல்ல படங்களும், மலாய், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளில் இரண்டு வரி விளக்கமும் போதும்.

விலையும் பெயரைச் சொல்லும்

வாடிக்கையாளரைப் பிடிக்க விலையைக் குறைப்பதே நம்மவர் முதலில் எடுக்கும் ஆயுதம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பொட்டலத்துக்குப் பொருள் செலவு 1.80 ரிங்கிட், உறையும் விவரச்சீட்டும் 30 சென், எரிவாயு 20 சென், உழைப்புக்கூலி 80 சென் என்று வைத்துக்கொள்வோம். அடக்கவிலை 3.10 ரிங்கிட். கடையில் 5 ரிங்கிட்டுக்கு விற்று, கடைக்காரர் 1.20 எடுத்துக்கொண்டால் நமக்கு வருவது 3.80. இலாபம் 70 சென். வாரம் 200 பொட்டலம் விற்றால் 140 ரிங்கிட்.

போட்டிக்கு அஞ்சி விலையை 4 ரிங்கிட்டாகக் குறைத்தால், கடைக்காரர் பங்கு போக நமக்கு வருவது 2.80. பொட்டலத்துக்கு 30 சென் நட்டம். வாரத்துக்கு 60 ரிங்கிட் நட்டம். விற்பனை கூடக்கூட நட்டமும் கூடும். வீட்டிலிருந்து தொழில் செய்வோர் இந்த நட்டத்தை உணர்வதில்லை. காரணம், உழைப்புக்கூலியான 80 சென்னை அவர்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அம்மாவின் உழைப்பு இலவசம் என்று நாம் எழுதாமல் எழுதிவைத்த கணக்கு அது. நல்ல பெயர் உள்ள பொருளுக்குச் சில சென்கள் கூடுதலாகக் கொடுக்க மக்கள் தயங்குவதில்லை. பெயர் ஒரு முதல் என்பதன் பொருள் இதுதான்.

பெயரைக் காத்தல்

இனி, என் அத்தை அறியாமல் போன பகுதிக்கு வருவோம். தீபகற்ப மலேசியாவில் வணிகம் தொடங்கிய 30 நாள்களுக்குள் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் நடத்தினால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், தனி வணிகப் பெயரில் நடத்தினால் 60 ரிங்கிட். பலர் இத்தோடு பெயர் தமக்கே சொந்தமாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். அப்படி அன்று. இது வணிகம் நடத்துவதற்கான பதிவு மட்டுமே.

பெயரையும் சின்னத்தையும் பிறர் பயன்படுத்தாமல் காக்க, மைப்போ எனப்படும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் வணிகச் சின்னமாகப் பதிய வேண்டும். 2019ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின்படி இந்தப் பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும். பின்னர் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 'முறுக்கு' என்ற சொல்லை யாரும் தமக்கென்று பதிய முடியாது. 'நாசி கண்டார்' என்பதும் அப்படியே. அது பொருளின் பெயர், எல்லாருக்கும் பொது. ஊர்ப்பெயரை மட்டும் முன்னால் ஒட்டி, 'தண்ணீர்மலை முறுக்கு' என்று எழுதினாலும் தனியுரிமை கிடைப்பது கடினம். தண்ணீர்மலை நம் எல்லாருக்கும் பொது. ஊரின் பெருமையை ஊரார் கூட்டாகக் காப்பதற்கு வேறு வழி உண்டு. அதுவே புவிசார் குறியீடு. முருகன் தலமான பழனியின் பஞ்சாமிர்தம் 2019இல் இந்தியாவில் இந்தக் குறியீட்டைப் பெற்றது. நம் நாட்டிலும் இதற்கென 2022ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. ஆனால் தனி ஒருவரின் கடைக்கு வேண்டியது ஊர்ப்பெயரோடு சேர்ந்து நிற்கும் தனிப்பெயர். 'ஹமீதியா'வும் 'பெலித்தா'வும் அப்படிப்பட்டவை. உணவின் பெயர் பொது, கடையின் பெயர் தனி.

நாம் செய்யக்கூடியது

இந்த இதழைப் படிக்கும் மாணவர்களில் பலர், கடையோ அங்காடியோ வீட்டுத் தொழிலோ நடத்தும் பெற்றோரின் பணத்தில் படிப்பவர்கள். முன்னாள் மாணவர்களில் பலர் அப்படிப் படித்து முடித்து அலுவலகங்களில் அமர்ந்திருப்பவர்கள். நமக்குப் பட்டம் வாங்கித் தந்த அந்தத் தொழில், நம் தலைமுறையோடு பெயரின்றி முடிந்துவிடுவதைப் பார்க்கிறோம். எல்லாரும் வேலையை விட்டுக் கடைக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடுத்த விடுமுறையில் நான்கு வேலைகள் செய்யலாம். அம்மாவின் அருகில் அமர்ந்து அளவுகளை நிறுத்து எழுதுங்கள். உழைப்புக்கூலியையும் சேர்த்து அடக்கவிலையைக் கணக்கிடுங்கள். மூன்று மொழியில் ஒரு விவரச்சீட்டு வடிவமையுங்கள். பதிவுப் பாரத்தை நிரப்ப உடன் சென்று உதவுங்கள். நாம் படித்த கணக்கியலும் கணினியும் மலாய்மொழியும் இதற்குப் பயன்படாவிட்டால் வேறு எதற்கு?

அத்தை இப்போது முறுக்கு சுடுவதில்லை. அந்த வியாபாரியின் பெயர் போட்ட பொட்டலம் இன்றும் கடைகளில் தொங்குகிறது. சென்ற ஆண்டு அத்தையிடம் அளவுகளைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதினேன். "இதையெல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டுவிட்டு, "வெண்ணெயைக் கொஞ்சம் குறைத்து எழுதிவிட்டாய், திருத்து" என்றார். திருத்திவிட்டேன். நோட்டின் முதல் பக்கத்தில் பொருளின் பெயருக்கு மேலே அவர் பெயரை எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நோட்டு இருக்கட்டும், காலம் கடப்பதற்குள்.